கப்பா: நேரலை அரட்டையில் ஒரு முகப்படம் இடைச்சொல்லாதல்

ஆய்வுச் சுருக்கம்

ட்விட்ச் என்னும் நேரலைத் தளத்தின் அரட்டையில் வழங்கும் ‘கப்பா’ என்ற சிறுபடம் பொதுவாக எள்ளற்குறி என்றே விளக்கப்படுகிறது. அது வடிவால் படமாயினும் வழக்கால் இடைச்சொல்லின் பண்புகளைப் பெற்றிருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. ஒரு மனிதரின் முகம் சொல்லாக மாறும்போது அச்சொல்லின் பொருளுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற வினாவையும் டிரைஹார்ட், பாக்சாம்ப் ஆகிய பிற இரு முகப்படங்களோடு ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இமோட், கப்பா, இடைச்சொல், ஒழியிசை, எள்ளல், நேரலை அரட்டை

முன்னுரை

ஒருவர் கணினி விளையாட்டை ஆடுவதை நேரலையில் பல்லாயிரவர் பார்ப்பதும், பார்த்துக்கொண்டே திரையின் ஓரத்தில் ஓடும் அரட்டைப் பகுதியில் எழுதுவதும் இன்று உலகெங்கும் பரவியுள்ள வழக்கம். இவ்வரட்டையின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே எனினும், அது ஆங்கிலம் மட்டுமன்று. எழுத்துகளுக்கிடையே சிறு படங்கள் இடைவிடாது வந்து விழுகின்றன. இவற்றை ‘இமோட்’ என்பர். ஒருங்குறியில் இடம்பெற்று எல்லாக் கருவிகளிலும் தோன்றும் இமோஜி வேறு, இமோட் வேறு. இமோட் ஒரு தளத்துக்கே உரியது. பயனர் குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால், தளத்தின் மென்பொருள் அச்சொல்லை நீக்கி அவ்விடத்தில் படத்தை வைக்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு சற்றே பிசகினாலும் படம் தோன்றாது. வெறும் சொல்லே நிற்கும். எனவே ஒவ்வோர் இமோட்டுக்கும் கண்ணுக்குரிய வடிவம் ஒன்றும் விரலுக்கும் நாவுக்கும் உரிய வடிவம் ஒன்றும் என இரு வடிவங்கள் உண்டு. இவ்விரட்டை இயல்பு பின்னர்க் கூறப்படுவனவற்றுக்கு அடிப்படையாதலின் இங்கேயே குறிக்கப்பட்டது.

இக்கட்டுரை எண்ணிக்கை வழிப்பட்ட ஆய்வன்று. பொதுவெளியில் நன்கறியப்பட்ட வழக்குகளை எடுத்துக்கொண்டு, தமிழ் இலக்கண மரபு தரும் கருவிகளால் அவற்றை விளங்கிக்கொள்ள முயல்கிறது. படங்களைப் பற்றிய பேச்சுக்குச் சொல்லதிகாரம் எதற்கு என்ற ஐயம் எழலாம். கப்பாவின் வழக்கை உற்றுநோக்கின், அதைப் படம் என்று சொல்வதே பொருத்தமற்றதாகத் தோன்றும் என்பதே அதற்கு விடை.

படத்தின் வரலாறு

ட்விட்ச் தளத்தின் தாய்த்தளம் ஜஸ்டின்.டிவி. 2007இல் தொடங்கிய அத்தளத்திலிருந்து விளையாட்டு நேரலைகளுக்கென 2011இல் ட்விட்ச் தனியே பிரிந்தது. 2014 ஆகஸ்டில் ஜஸ்டின்.டிவி மூடப்பட்டது, அதே மாதம் ட்விட்சை அமேசான் நிறுவனம் வாங்கியது. கப்பாவின் பிறப்பு தாய்த்தளத்தில் நிகழ்ந்தது. 2009இல் அங்கு அரட்டை மென்பொருட்பணியில் சேர்ந்த ஜோஷ் டிசெனோ என்பவர், தம் பணியாளர் அடையாள அட்டைக்கென எடுத்த கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தின் முகப்பகுதியை யாரும் அறியாமல் இமோட்டுகளோடு சேர்த்துவிட்டார். பணியாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட குறும்புகளுள் ஒன்றாகவே அது தொடங்கியது.

சப்பானியப் பண்பாட்டில் ஈடுபாடுடைய டிசெனோ, அந்நாட்டு நாட்டார் கதைகளில் ஆறு குளங்களில் வாழ்வதாகச் சொல்லப்படும் ‘கப்பா’ என்ற குறும்புக்கார நீர்வாழ் உருவின் பெயரைப் படத்துக்கு இட்டார். பெயரிட்டவர்க்கு அது காரணப்பெயர். பயன்படுத்துவோர் பலர்க்கோ அது இடுகுறி. கிரேக்க எழுத்தின் பெயரென்று கருதியோரும் உளர். காரணம் மறைந்து இடுகுறியாய் நிற்றல் சொற்களின் வரலாற்றில் புதிதன்று. அது சில ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது என்பதே இங்குப் புதுமை.

எத்தனையோ முகங்களுள் இம்முகம் ஏன் நிலைத்தது? அம்முகம் சிரிக்கவில்லை, சிரிக்காமலும் இல்லை. இதழ்க்கடையில் ஒரு சிறு வளைவு மட்டும் உண்டு. கண்கள் நேரே நோக்குகின்றன. சொன்னதை நம்பாதே என்று சொல்லாமற் சொல்லும் முகம் அது. ஏறத்தாழ 28 படப்புள்ளி உயரத்துக்குச் சுருங்கிய பின்னும் அக்குறிப்பு அழியாமல் நின்றது.

குரலற்ற எழுத்தின் குறை

நேரில் பேசுவோர்க்கு எள்ளலை உணர்த்தத் தனிக்குறி வேண்டியதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் சூழலும் அதனைச் செய்துவிடும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசிப் பொலிவுற்றிருப்பதைப் புகழும்போது (புறநானூறு 95), அது புகழன்று என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசியவர் யார், யாருடைய தூது, எவ்விடம் என்பன தெரிந்தமையால் பழிப்பு தானே விளங்கிற்று.

எழுத்தில் அச்சூழல் இல்லாதபோது குறியொன்றைப் படைக்க மேலைநாட்டார் பலமுறை முயன்றுள்ளனர். 1668இல் ஜான் வில்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தலைகீழ் வியப்புக்குறியை முரண்நகைக்கென முன்மொழிந்தார். 1899இல் பிரெஞ்சுக் கவிஞர் அல்காந்தர் தெ பிராம் தனியொரு முரண்நகைக்குறியை வடித்தார். இரண்டும் வழக்கில் நிலைக்கவில்லை. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், நகைச்சுவையாகச் சொன்னதைச் சிலர் மெய்யென்று கொண்டுவிடும் இடரைத் தவிர்க்க, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்த சிரித்த முகக்குறியை முன்மொழிந்தார். அது நிலைத்தது. எனினும் பரவப் பரவ நட்புக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய பொதுக்குறியாகி, தொடக்கத்தில் இருந்த கூர்மையை இழந்தது.

நேரலை அரட்டையில் இத்தேவை பன்மடங்காகிறது. பெரிய நேரலைகளில் ஒரு வரி திரையில் சில நொடிகளே நிற்கும். எழுதியவர் யாரென்று பிறர்க்குத் தெரியாது; விளக்கம் எழுத நேரமில்லை; எழுதினாலும் அதற்குள் மூலவரி மறைந்திருக்கும். ஆகவே எள்ளற்குறி கூற்றுக்குள்ளேயே ஒட்டி வரவேண்டியதாயிற்று. வில்கின்சும் பிராமும் முயன்று முடியாத ஒன்றை, எவரும் முன்மொழியாத ஓர் அடையாள அட்டைப்படம் செய்துமுடித்தது.

இடைச்சொல்லாகக் கப்பா

நேரலையாளர் ஒருவர் மிக எளிய தடையொன்றில் தடுக்கி வீழ்கிறார் எனக் கொள்வோம். அரட்டையில் ஒருவர் “எத்தகைய திறமை” என்று எழுதி இறுதியில் கப்பாவை இடுகிறார். கப்பா இல்லையேல் அத்தொடர் புகழ், இருந்தால் பழிப்பு. தொடரின் பெயரும் வினையும் மாறவில்லை. இறுதியில் வந்த ஓர் உறுப்பு முழுத்தொடரின் பொருளையும் திருப்பிவிடுகிறது.

பெயர், வினை ஆகியவற்றைச் சார்ந்து வருவதன்றித் தமக்கெனத் தனித்து இயங்கும் இயல்பற்றவை இடைச்சொற்கள் என்பது தொல்காப்பியரின் கருத்து. அவற்றுள் குறிப்பால் பொருள் உணர்த்துவனவற்றை அவர் ஒரு வகையாகக் கொள்கிறார். ஓகாரத்துக்கு அவர் கூறும் அறுவகைப் பொருள்களுள் எதிர்மறையும் ஒழியிசையும் அடங்கும். “அவனோ பொய் சொல்வான்” என்னும் தொடரில் எதிர்மறைச் சொல் எதுவுமில்லை. ஆயினும் அவன் பொய் சொல்லான் என்பதே பொருள். கப்பா செய்யும் பணி இதனோடு நெருங்கியது. எழுதப்பட்டதை மறுத்து, எழுதப்படாத ஒன்றை எஞ்சி நிற்கச் செய்வதால் எதிர்மறையும் ஒழியிசையும் அதில் ஒருங்கே அமைகின்றன. இரண்டுள் ஒழியிசையே முதன்மையானது என்பது கட்டுரையாளர் கருத்து. வெறும் மறுப்பாயின் “திறமை இல்லை” என்று எழுதினாற் போதும். மறுப்போடு, ‘நான் மறுக்கிறேன் என்பது உனக்கும் தெரியும்’ என்ற உறவுக்குறிப்பும் கப்பாவில் உண்டு.

ஓகாரத்திலிருந்து அது வேறுபடும் இடமும் சுட்டத்தக்கது. ஓகாரம் தொடரின் குறிப்பிட்ட சொல்லோடு சேர்ந்து அச்சொல்லை முனைப்பாக்கும். “அவனோ” என்பதற்கும் “பொய்யோ” என்பதற்கும் வேறுபாடு உண்டு. கப்பா அவ்வாறு சொல்லைத் தேர்வதில்லை. பெரும்பாலும் வரியின் இறுதியில் நின்று வரி முழுவதையும் தழுவுகிறது. இவ்வகையில் அது ஈற்றசையின் இடத்தில் நின்று ஒழியிசையின் பணியைச் செய்கிறது எனலாம்.

அதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. அரட்டையில் கப்பா தனித்தும் வரும். நேரலையாளர் “நாளை முதல் சரியான நேரத்துக்கு வந்துவிடுவேன்” என்று வாயாற் சொன்னவுடன், வேறு சொல் எதுவுமின்றிக் கப்பா மட்டும் வரிவரியாகக் குவியும். சார்ந்து வருதல் என்னும் இலக்கணம் இங்குப் பொய்த்துவிட்டதோ என்று தோன்றலாம். பொய்க்கவில்லை. சார்பு இங்கும் உண்டு. சாரப்படும் கூற்றே வேறொருவருடையது. நேரலையாளரின் பேச்சுத் தொடருக்குப் பார்வையாளர் இடைச்சொல்லை எழுதிச் சேர்க்கின்றனர். முன்னைய எடுத்துக்காட்டில் ‘நான் சொல்வதை நம்பாதே’ என்பது பொருள். இங்கோ ‘நீ சொல்வதை நாங்கள் நம்பவில்லை’ என்பது பொருள். ஒருவர் தொடங்கிய தொடரை ஆயிரவர் கூடி முடிக்கும் இத்தகைய வாய்ப்பை நேரலை அரட்டைக்கு முன் எந்த எழுத்துவகை தந்தது என்பது சிந்திக்கத்தக்கது. சேரும் பெயர்வினைகளுக்கேற்ப இடைச்சொற்கள் பொருள் திரியினும் தெரிந்து கொள்க என்று தொல்காப்பியர் இடங்கொடுத்திருப்பதும் இங்கு நினையத்தக்கது.

கப்பா இடைச்சொல்லாகிவிட்டது என்பதற்கு மிக வலிய சான்று அதன் மறுப்பு வடிவம். எள்ளலே பொதுவிதியாகிவிட்ட இடத்தில் ஒருவர் உண்மையாகவே பாராட்ட விரும்பினால் என்ன செய்வது? “கப்பா இல்லை” என்று சேர்த்து எழுதும் வழக்கம் தோன்றியது. இங்கே படம் வேண்டப்படவில்லை, சொல்லே போதுமானது. ட்விட்சுக்கு வெளியே, படம் தோன்றவே தோன்றாத இடங்களிலும் வரியின் இறுதியில் அச்சொல்லை எழுதினர். விளையாட்டு ஆர்வலர்கள் நேர்ப்பேச்சிலும் தொடரின் இறுதியில் அதனை ஒலித்தனர். முகக்குறிப்பு இல்லாத குறையைப் போக்க வந்த முகம், முகத்தோடு முகம் பார்த்துப் பேசும்போதும் ஒலிவடிவில் நின்றது என்றால், அது சொல்லாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

படத்திலிருந்து கிளைத்த வடிவங்களும் உள. பூனைக்காது சூட்டியது கீப்போ. வானவில் நிறம் தீட்டியது கப்பாபிரைட். 2015இல் ஓவியர் பாப் ராசின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியை ட்விட்ச் தொடர்ந்து ஒளிபரப்பியதையொட்டி, அவருடைய சுருள்முடியும் தாடியும் பொருத்தியது கப்பாராஸ். இவை விகுதி பெற்ற சொற்களைப் போன்றன. ஆயினும் இவற்றில் எள்ளல் பெரிதும் மங்கி, பெயர்த்தன்மை மிகுகிறது.

எள்ளலும் அதன் மறைவிடமும்

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தது மெய்ப்பாட்டியல். எள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என உரையாசிரியர் பேராசிரியர் இருவகையாக்குவார். கப்பாவில் இரண்டும் உண்டு. நேரலையாளர்கள் தம் தோல்வியின்போது தாமே அரட்டையில் கப்பாவை இடுவது இரண்டாம் வகை. இதனால் எள்ளப்படுபவர் வெளியே நிறுத்தப்படாமல் கூட்டத்துக்குள் இழுக்கப்படுகிறார். கப்பா பெரும்பாலும் நட்பின் எல்லைக்குள் நிற்பதற்கு இதுவே காரணம்.

அதே கருவி மறைவிடமாகவும் பயன்படும். ஒருவரைப் புண்படுத்தும் கருத்தை எழுதி இறுதியில் கப்பா இட்டவர், வினவப்பட்டால் ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்று நழுவலாம். கருத்து சென்று சேர வேண்டியவரைச் சேர்ந்துவிட்டது. பொறுப்பு மட்டும் எழுதியவரிடம் வரவில்லை. எதிர்மறை ஓகாரத்தை ஆள்பவர்க்கு இவ்வசதி இல்லை. “அவனோ பொய் சொல்வான்” என்றவர் பின்னர் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ எனல் அரிது. அதன் பொருள் மொழிச்சமூகத்தால் உறுதிசெய்யப்பட்டது. கப்பாவின் பொருளோ கேட்பவர் எவ்வளவு உட்கூட்டத்தவர் என்பதைப் பொறுத்தது. புதிதாய் வந்தவர் பழிப்பை மெய்யெனக் கொண்டால், குற்றம் அவருடைய அறியாமையின்மேல் ஏற்றப்படுகிறது.

முகம் சொல்லாகாத இடம்

கப்பாவின் முகத்துக்குரியவர் யாரென்று அறியாமலேயே அதனை ஆளலாம். டிசெனோ என்ற மனிதர் அக்குறியிலிருந்து முற்றிலும் நீங்கிவிட்டார். எல்லா முகங்களுக்கும் இது வாய்ப்பதில்லை.

டிரைஹார்ட் என்ற இமோட், டிரைஹெக்ஸ் என்னும் பெயரால் அறியப்படும் கறுப்பின நேரலையாளர் மைக்கல் ஜெபர்சனின் மலர்ந்த முகம். பெருமுயற்சி, ஆர்வம் என்பனவே அதன் பெயருக்கேற்ற பொருள். ஆனால் கறுப்பினத்தவர் ஒருவர் திரையில் தோன்றும்போதெல்லாம் அதனைக் குவிப்பது அரட்டையில் வழக்கமாயிற்று. 2016இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த டிரீம்ஹாக் விழாவின் ஹார்த்ஸ்டோன் போட்டியில் டெரன்ஸ் மில்லர் என்ற கறுப்பின வீரர் இரண்டாமிடம் பெற்றார். அவர் ஆடிய நேரமெல்லாம் அரட்டை இனவெறி மொழியால் நிரம்பியது. அதில் இவ்விமோட்டும் இருந்தது. ஒரு பயனர் ஒருமுறை இட்ட டிரைஹார்ட்டைத் தனியே எடுத்து நோக்கின் அதில் இழிவு எதுவும் இல்லை. யார் தோன்றும்போது இடப்பட்டது, எத்தனை பேர் இட்டனர் என்பவற்றாலேயே அது இழிசொல்லாகிறது.

இதன் சிக்கலை 2018 மார்ச்சில் நிகழ்ந்த ஒன்று தெளிவாகக் காட்டும். ஓவர்வாட்ச் லீக் போட்டியமைப்பு, தொழில்முறை வீரர் ஒருவர்க்கு 4,000 டாலர் தண்டமும் நான்கு ஆட்டங்களுக்குத் தடையும் விதித்தது. இமோட் ஒன்றை இனஇழிவு தோன்றப் பலமுறை இட்டமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அவ்விமோட் டிரைஹார்ட். எங்கும் எப்போதும் வணக்கம்போலத் தாம் இடுவது அது என்பது வீரரின் பக்கத்து விளக்கம். திரையில் அப்போது இருந்தவர் கறுப்பினத் தொகுப்பாளர் என்பது அமைப்பினர் கருத்தில் கொண்ட செய்தி. இருவரும் பேசியது ஒரே குறியைப் பற்றி. ஒருவர் அதனைச் சொல்லாகக் கொண்டார். மற்றவர் முகமாகக் கண்டனர். கப்பாவை இட்டதற்காக இவ்வாறு யாரும் தண்டிக்கப்படுவதைக் கற்பனை செய்வதும் அரிது. வெள்ளையர் முகம் பொதுமுகமாக எளிதில் கரைந்துவிடுவதும், கறுப்பினத்தவர் முகம் இனத்தின் முகமாகவே நிறுத்தப்படுவதும் இலக்கணத்துக்குப் புறம்பான காரணத்தால் நிகழ்கின்றன. எனினும் அக்காரணம் இலக்கணத்தைப் பாதிக்கிறது: ஒன்று இடைச்சொல்லாகிறது, மற்றொன்று ஆகமுடியவில்லை.

முகம் நீங்கியபின் எஞ்சுவது

வியப்பையும் கிளர்ச்சியையும் உணர்த்திய பாக்சாம்ப் என்ற இமோட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வாய் பிளந்து வியக்கும் அம்முகம், சண்டை விளையாட்டு வீரர் ரயன் குட்டியரசுக்குரியது. 2010ஆம் ஆண்டுக் காணொளியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. நெடுநாள் அவரும் டிசெனோவைப் போலவே தம் முகத்திலிருந்து நீங்கியவராகத்தான் இருந்தார். 2021 சனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது, மேலும் கலகத்தைத் தூண்டும் வகையில் அவர் வெளியிட்ட கருத்துகளால் அம்மனிதர் குறிக்குள் திரும்பி வந்தார். ட்விட்ச் உடனே அம்முகத்தை நீக்கியது.

நீக்கியபோது தளம் கூறிய விளக்கம் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. அவ்விமோட்டின் உணர்வும் வழக்கும் தொடரவேண்டும் என்றும், அதன் பொருள் படத்தையும் படத்திலுள்ள மனிதரையும் விடப் பெரியது என்றும் அது அறிவித்தது. சொல் இருக்க, உரு மட்டும் மாற்றப்பட்டது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வெவ்வேறு நேரலையாளரின் முகம் அதே சொல்லுக்குரிய படமாக வைக்கப்பட்டது. அவ்வாறு முகம் தந்தவர்களுள் சிலர், சிறப்பாகக் கறுப்பின நேரலையாளர், கடும் வசைக்கு ஆளாயினர். டிரைஹார்ட்டில் கண்ட அதே சிக்கல் இங்கு ஒருநாள் இடைவெளியில் வெளிப்பட்டது. பொருள் படத்தைவிடப் பெரியது என்ற கூற்று சொல்லைப் பொறுத்தவரை உண்மை. முகம் தந்தவரைப் பொறுத்தவரை அவ்வாறன்று.

2021 பிப்ரவரியில் பயனர் வாக்கெடுப்பு நடந்தது. மனித முகங்களை விலக்கி, வாய் திறந்த கொமோடோ உடும்பின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன்பின் அச்சொல்லைத் தட்டச்சு செய்தோர் திரையில் உடும்பே தோன்றியது. அச்சொல்லின் முன்பாதியான ‘பாக்’ மட்டும், படம் எதையும் வேண்டாமல், ஆங்கிலப் பேச்சில் வியப்பிடைச்சொல்லாகத் தொடர்ந்து வழங்கியது.